இன்னும் நாலு கிலோ

பெல்ட்டைப் போட்டுக்கோங்க சார். போடலன்னா இந்த டிரைவர் வண்டிய எடுக்க மாட்டாரு. எழுந்து வந்து ஒவ்வொரு சீட்டா பாத்துட்டுத்தான் போவாரு. அப்படி ஒரு ஊரு இது.

நீங்க போன்ல "சரி, வெச்சிடறேன்"னு சொன்னது காதுல விழுந்துச்சு. ஆறு மாசமாச்சு சார், நேர்ல ஒருத்தர் வாயால தமிழ் கேட்டு. அதான் சீட்டு மாறி வந்து உக்காந்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டம்மா வர்றாங்களா? கூட்டிட்டு வர ஏர்போர்ட் போறீங்களா? நல்லது, நல்லது. நான் ஊருக்குப் போறேன். என் பேரு ஞானசேகரன், சொந்த ஊரு அரக்கோணம். இங்க கொரியா வந்து, சொனான்ங்கற ஊர்ல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனில டை மெயின்டனன்ஸ், அதான் பார்ட்ஸ் அடிக்கற அச்சு ரிப்பேரு, அதைப் பாக்கறேன். ரெண்டு வருஷத்துக்கு அனுப்பினாங்க, பதினாலு மாசம் ஓடிடுச்சு.

மெதுவாத்தான் பேசறேன். இங்க பஸ்ல சத்தமாப் பேசினா திரும்பிப் பாப்பாங்க. வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பாப்பாங்க. அதுக்குத் திட்டிட்டாக்கூட தேவலாம்னு இருக்கும்.

எங்கக்காவுக்கு ஈரல் கெட்டுப்போச்சு சார்.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். கஸ்தூரின்னு பேரு, என்னைவிட ஏழு வயசு பெரியவ. குடியா? ஐயோ, நீங்க வேற. காபி கூடக் குடிக்காதவ சார் அவ. எப்பவோ வந்த மஞ்சக்காமாலைக் கிருமி உள்ளயே உக்காந்து கொஞ்சங் கொஞ்சமா தின்னுடுச்சாம். மார்ச்சுல நான் லீவுல போயிருந்தப்பதான் டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாரு. இனி மருந்து வேலை செய்யாது, வேற ஈரல் வெச்சாதான் உண்டு, சொந்தத்துல ஒருத்தர் பாதி குடுத்தாப் போதும், குடுத்தவருக்கு ரெண்டு மூணு மாசத்துல மறுபடி வளந்துரும்னாரு. அக்காவுக்கு ஓ குரூப். மாமா பி. ஒரே பொண்ணு சங்கவி, இருபத்திரண்டு வயசு, அவ ஓ. நான் ஓ. அவ்ளோதான் சார் ஆளுங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு வயித்துல இந்த நீளத்துக்குத் தழும்போட நாளைக்கு எவன் வீட்ல போயி நிப்பான்னு மாமா ஆரம்பத்துலயே கைய விரிச்சிட்டாரு. அக்கா அவருக்கு மேல. "அவ மேல கத்தி பட்டுச்சுன்னா நான் ஒரு மாத்திரை முழுங்க மாட்டேன்"னுட்டா. அப்ப மிச்சம் யாரு?

நான் ஒரு நிமிஷம் யோசிக்கல சார். "நான் குடுக்கறேன்"னு எழுந்து நின்னுட்டேன், எல்லாரும் பாக்க. அக்கா என் கையப் பிடிச்சிக்கிட்டு அப்படி அழுதா. என் வீட்டுக்காரி பவானியும் அங்கதான் நின்னா. குடுன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. கட்டின பொண்டாட்டி, ஒரு பேச்சுக்காவது வேணாங்கன்னு சொல்ல வேணாமா? சொன்னா நான் கேட்டிருப்பேனா மாட்டேனா, அது வேற. சொல்லணும்ல?

அப்புறம்தான் எனக்கு ஸ்கேன் எடுத்தாங்க. என் ஈரல்ல முப்பது பர்சென்ட் கொழுப்பாம். இதை எடுத்து வெச்சா அவங்களுக்கும் உதவாது, உங்களுக்கும் ஆபத்துன்னாரு டாக்டர். தொண்ணூத்திரண்டு கிலோ இருந்தேன் நான். எண்பதுக்கு வாங்க, பன்னெண்டு கிலோ கொறைஞ்சா கொழுப்பு தன்னால கரைஞ்சிடும், மூணு மாசத்துல கொறைச்சிட்டு வந்தீங்கன்னா ஜூலைல பண்ணிடலாம்னாரு. சட்டையத் தூக்கச் சொல்லி, நெஞ்சுக்குழிலேருந்து கீழ எறக்கி, வலது பக்கமா திருப்பி, விரலால கோடு போட்டாரு. இங்கதான் திறப்போம்னாரு. ஏசில இருந்த விரலு, ஜில்லுன்னு இருந்துச்சு.

என்ன கேக்கறீங்க? ஊர்லயே இருந்து கொறைச்சிருக்கலாமேன்னா? எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. அரக்கோணத்துல எங்க சார் கொறைக்கறது? வீட்டுக்கு வீடு கூப்பிட்டு எலை போடுவான். இங்கன்னா தனியா இருக்கேன், கேக்க ஆளில்ல. கொரியாக்காரன் ஒருத்தன் தொப்பையோட நடக்கறானா பாருங்க. தெருவுக்கு மூணு ஜிம். எழுபது வயசுக் கெழவி கம்பி தூக்குது. இங்க வந்தா நானும் ஆறு வாரத்துல அப்படி ஆயிடுவேன்னு நம்பித்தான் சார் வந்தேன். என்னை இவங்க என்ன பாடு படுத்தினாங்கன்னு கேளுங்க.

ரூமுக்குப் பின்னாடியே மூணாவது மாடில ஒரு ஜிம். வந்த மறுநாளே சேந்துட்டேன். போட்டிருந்த ஷூவோட நேரா டிரெட்மில்லுல ஏறி நடந்தேன். நாலு நிமிஷம் ஆகியிருக்காது, ஓனர் ஓடி வந்து மெஷின நிறுத்தி, என் காலக் காமிச்சு, ரெண்டு கையையும் பெருக்கல் குறி மாதிரி வெச்சுக் காட்டறான். ரோட்டுல போட்ட ஷூ உள்ள வரக் கூடாதாம். உள்ள போடறதுக்குன்னு தனியா ஒரு ஜோடி கையில கொண்டாரணுமாம். சரி, இது நமக்குத் தெரியாத மரியாதையா? உடனே கழட்டி வாசல்ல விட்டுட்டு, சாக்ஸையும் கழட்டிட்டு, வெறுங்காலோட வந்து பவ்யமா மறுபடி ஏறிட்டேன். அவ்ளோதான், அந்தாளு மூஞ்சி செவந்துடுச்சு. வெறுங்கால் அதைவிட மோசமாம்! வேர்வையாம், அடிபட்டா யாரு பொறுப்பாம், என்னென்னவோ கத்தறான். கத்திட்டு ஒரு துணிய நனைச்சு எடுத்துட்டு வந்து, நான் கால் வெச்ச எடத்தையெல்லாம் முட்டி போட்டுத் தொடைச்சான் சார். பத்து பேரு பாக்க. நம்ம ஊர்ல ஒருத்தன் நின்ன எடத்த இன்னொருத்தன் கழுவி விட்டா அதுக்கு என்ன அர்த்தம்? எங்க தெருக்காரங்களுக்கு அது நல்லாத் தெரியும். இவனுக்கு அந்த அர்த்தமெல்லாம் தெரியாது, அதுவும் எனக்குப் புரியுது. இருந்தாலும் அன்னிக்கு ஒரு நாள்தான் சார் நான் சோறு திங்காமப் படுத்தது.

புது ஷூ வாங்கிட்டு மறுபடி போறதுக்குப் பதினஞ்சு நாளாச்சு. கடை எங்க இருக்குன்னு தெரியணும், சைஸ் தெரியணும், லீவு கெடைக்கணும். அந்தப் பதினஞ்சு நாள் போச்சே, அது என் தப்பா?

இங்க இன்னொண்ணு, ஜிம்முலயே டிரஸ்ஸு குடுத்துடுவான். எல்லாருக்கும் ஒரே சாம்பல் கலர் பனியன், டிராயரு. போட்டு முடிச்சிட்டு அங்கயே ஒரு கூடையில போட்டுரணும். எனக்கென்னவோ நான் வேர்த்த துணிய இன்னொருத்தன் தொட்டு அலசணுமான்னு கூச்சம். வீட்டுக்குக் கொண்டு போயி தொவைச்சு, அயர்ன் பண்ணி, மூணு நாள் கழிச்சு மடிச்சு எடுத்துட்டு வந்து குடுத்தேன். அதுக்குள்ள துணி காணோம்னு கேமராவெல்லாம் போட்டுப் பாத்துருக்கான். மரியாதை பண்ணப் போயி திருடன் ஆனேன் சார்.

அங்கதான் சொங்கு வந்தான். சொங்குன்னு ஒருத்தன், டயர் கடை வெச்சிருக்கான். கழுத்தும் தோளும் ஒண்ணா இருக்கும், அப்படி ஒரு உடம்பு. ஓனர் என்னைப் பாத்துக் கத்திட்டிருந்தப்ப இவன் நடுவுல பூந்து என்னவோ சொல்லி அவனை அனுப்பிட்டு, போனை எடுத்து அதுகிட்டப் பேசினான். போனு தமிழ்ல பேசுது! அதுவும் எப்படி, ஒரு பொம்பளைக் குரல், ரேடியோல நியூஸ் வாசிக்கற மாதிரி. "வணக்கம் நண்பரே. தாங்கள் எந்த ஆண்டு பிறந்தீர்கள்?" எண்பத்திரெண்டுன்னேன். அவனும் எண்பத்திரெண்டாம். அவ்ளோதான், என் தோள்ல கையப் போட்டுட்டான். இங்க ஒரு வருஷம் மூத்தவன்னாக்கூடக் குனிஞ்சு வணக்கம் வெக்கணும், அதே வருஷம்னா அது பெரிய உறவு. அடுத்து போனு கேக்குது, "தங்கள் இரத்தப் பிரிவு எது?"

தோள்ல இருந்த அவன் கைய எடுத்து விட்டுட்டேன் சார். மெட்ராஸ் ஆஸ்பத்திரிலேருந்து யாராவது இவனுக்குச் சொல்லிட்டாங்களான்னு ஒரு நிமிஷம் புத்தி எங்கெங்கயோ போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, நம்ம ராசி கேக்கற மாதிரி இவங்க ரத்த குரூப் கேப்பாங்களாம், குணம் சொல்றதுக்கு. ஓன்னேன். அவன் சிரிச்சிட்டு என்னவோ சொன்னான். "ஓ பிரிவினர் தாராள மனம் படைத்தவர்கள்"னு அந்தம்மா சொல்லுச்சு. எதுக்கு எடை கொறைக்கறேன்னு கேட்டான். சும்மா, அழகுக்குன்னு சொல்லிட்டேன்.

ஏன் உண்மையச் சொல்லலன்னு கேப்பீங்க. கம்பெனிலயும் யாருக்கும் சொல்லல. சொல்லிட்டா அப்புறம் செஞ்சுதானே ஆகணும்... அது இல்ல, நான் சொல்ல வர்றது வேற. நம்ம வீட்டு விஷயத்த எதுக்கு அடுத்தவன்கிட்டன்னு. அதான்.

சொங்கு வேலை வாங்கினான். ஆறு மணி ஷிஃப்டு முடிஞ்சு போனா ஒன்றரை மணி நேரம் விட மாட்டான். பத்து தடவைன்னு சொல்லுவான், எட்டுல எனக்கு உசிரு போகும், "கடைசி ஒண்ணு"ம்பான். அதை எடுத்தா மறுபடி "கடைசி ஒண்ணு". அவன் கடைசி ஒண்ணுக்கு முடிவே கெடையாது. நல்லவன்தான், இல்லங்கல. ஆனா குளியல்னு ஒண்ணு இருக்கே சார், அங்கதான் எனக்குக் கெட்ட காலம்.

இங்க ஜிம்முல குளிக்கற எடம் எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? தடுப்பு கெடையாது, கதவு கெடையாது. நீளமா ஒரு ரூம்பு, வரிசையா ஷவரு. சின்னவன் பெரியவன் எல்லாரும் பொறந்த மேனிக்கு நின்னு குளிக்கறான், ஒருத்தன் முதுக ஒருத்தன் தேய்க்கறான், கதை பேசறான். நான் என்ன பண்ணுவேன்? ஜட்டியோட நின்னு குளிச்சேன். நம்ம பம்புசெட்டுல, குளத்துல அப்படித்தானே குளிப்போம். மொத்த ரூம்பும் திரும்பிப் பாத்துச்சு. ஒரு பெரியவரு என் இடுப்பக் காட்டி உச்சுக் கொட்டிட்டுப் போறாரு. வெளிய வந்து தலை தொவட்டறேன், சொங்கு போனைக் கொண்டு வந்து நீட்டறான். அந்தம்மா நல்லா சத்தமா, "நண்பரே, தாங்கள் ஏன் உள்ளாடையுடன் குளிக்கிறீர்கள்? அது தூய்மையற்றது என மற்றவர்கள் வருந்துகிறார்கள்" அப்படிங்குது. தூய்மையற்றதாம்! அம்மணமா நிக்கறது தூய்மை, மானத்த மூடறது தூய்மையில்லாதது.

அதுக்கப்புறம் நான் அங்க குளிக்கல. வேர்வையோட வேர்வையா லிஃப்டுல எறங்கி ரூமுக்கு ஓடிருவேன். மே மாசக் கடைசில லிஃப்டுல ஒரு நோட்டீசு ஒட்டியிருந்துச்சு. ஒரு ஆள் படம், மேல நெளி நெளியா கோடு. எனக்கு கொரியன் படிக்கத் தெரியாது, ஆனா புரிஞ்சிடுச்சு, நம்ம நாத்தத்தத்தான் போட்டிருக்கான். போட்டோ எடுத்து கம்பெனில ஒருத்தன்கிட்டக் காட்டினேன். வெயில் காலத்துல லிஃப்டுல ஃபேன் ரிப்பேரு, பொறுத்துக்கோங்கன்னு போட்டிருக்குன்னான். என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றான் சார், எனக்குத் தெரியாதா?

நின்னுட்டேன். ஒரு மாசம் இல்ல, ஏழு வாரம் ஜிம் பக்கம் போகல. ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்? இதுல வாரா வாரம் கம்பெனி விருந்து வேற. பன்னிக்கறிய நெருப்புல போட்டுக் கத்திரியால வெட்டி வெட்டி நம்ம தட்டுல போட்டுட்டே இருப்பான். மேனேஜர் கிளாசை நீட்டினா ரெண்டு கையால வாங்கணும், வாங்கினதக் கீழ வெக்கக் கூடாது. நான் என்ன, ஆசைப்பட்டா குடிச்சேன்? எங்க லைன்ல இன்னொரு கொரியாக்காரன் இருக்கான், டாக்டர் வேணாம்னாருன்னு ஒரு தடவை சொன்னான், அதோட அவனை விட்டுட்டாங்க, அவன் பாட்டுக்கு தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருப்பான். அவனுக்கு பாஷை இருக்கு, சொல்லிட்டான்.

ஜூலை வந்துச்சு. தொண்ணூறு. ரெண்டே கிலோ எறங்கியிருந்துச்சு. டாக்டர்கிட்டக் கேட்டு செப்டம்பர் வரைக்கும் தள்ளிப் போட்டாங்க. அக்கா போன் பண்ணா. கண்ணு ரெண்டும் மஞ்சள் பூசின மாதிரி, வயிறு தண்ணி கோத்து உப்பிக் கெடக்கு. அந்த நெலமைல என்ன கேக்கறா தெரியுமா? "பட்டினி கிடக்காதடா சேகரு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." நான் பாத்ரூம்ல போயி உக்காந்து அழுதேன் சார். எனக்குப் பாசம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் சொங்கே என் ரூமைத் தேடி வந்துட்டான். எப்படிக் கண்டுபிடிச்சானோ. கதவைத் தட்டி, ஷூவை எடுத்துக் கையில குடுத்து, இழுத்துட்டுப் போயிட்டான். அன்னிலேருந்து ஆறு வாரம் உழைச்சேன் பாருங்க, அது உழைப்பு. காலைல முட்டை, மத்தியானம் கோழியும் பச்சை எலையும், சாயங்காலம் சொங்கு. எண்பத்தெட்டு, எண்பத்தாறு, எண்பத்தஞ்சு. டிரெட்மில்லுல நடந்துக்கிட்டே அக்காவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். சங்கவி போனைப் பிடிச்சிருந்தா. "மாமா, கழுத்து தெரியுது மாமா!"ன்னு கத்தறா. அக்கா கையத் தட்டுனா, சின்னப் புள்ள மாதிரி. ஆகஸ்டு கடைசில எடை மெஷின்ல நின்னேன். எண்பத்தி நாலு.

நாலு கிலோ சார். நாலே நாலு கிலோ. மூணு வாரத்து வேலை.

அன்னிக்கு சொங்குக்கு என்னைவிட சந்தோஷம். இன்னிக்கு நீ என்கூட குளிச்சே ஆகணும்னு போன்ல சொல்ல வெச்சான், "நண்பர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்க்க வேண்டும்"னு. சரி, போறது போகட்டும்னு நானும் எல்லாத்தையும் கழட்டிட்டு, கண்ணைத் தரையில வெச்சிக்கிட்டு உள்ள போயிட்டேன். யாரும் திரும்பிக்கூடப் பாக்கல, அதையும் சொல்லணும். ஷவருக்குக் கீழ நின்னு நிமுந்தேன். சொங்கு எதிர்ல நிக்கறான். அவன் வயித்துல கோடு.

நெஞ்சுக்குழிலேருந்து எறங்கி, வலது பக்கமா திரும்பி, விலா வரைக்கும். வெளுத்துப்போன கோடு. டாக்டர் விரலு போன அதே வழி.

நான் பாத்துட்டே நின்னுட்டேன். அவன் தன் வயித்தப் பாத்தான், என்னைப் பாத்தான். என் கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்து, பெஞ்சுல உக்கார வெச்சு, துண்டக் குடுத்துட்டு, போனை எடுத்தான். "ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு என் தந்தைக்குக் கல்லீரல் கொடுத்தேன்"னு அந்தம்மா சொல்லுச்சு. வலிச்சுதான்னு கேட்டேன். என் வாயிலேருந்து அதுதான் சார் வந்துச்சு. உங்கப்பா எப்படி இருக்காருன்னு கேட்டிருக்கலாம், கேக்கல. அவன் மறைக்கல. "மிகவும் வலித்தது. இரண்டு வாரங்கள் சிரிக்கவும் இருமவும் முடியவில்லை. பிறகு சரியாகிவிட்டது." அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு, போன்ல மெதுவா என்னவோ சொன்னான். அந்தம்மா கேட்டுச்சு: "தாங்கள் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?"

யாருக்கும் இல்லன்னு தலையாட்டினேன்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? திடீர்னு கேட்டா யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவான். துணியில்லாம உக்காந்திருக்கேன் நான். அந்த நேரத்துல கேட்டா?

சரி, சொல்லிடறேன். அதுவரைக்கும் எனக்கு ஒரு நெனப்பு இருந்துச்சு. இது நடக்குமா நடக்காதா, கடைசில டாக்டரே வேணாம்னு சொல்லிடுவாரு, அப்படின்னு. எதிர்ல ஒருத்தன் குடுத்துட்டு, நூறு கிலோ கம்பியத் தூக்கிட்டு நிக்கறான். அப்ப நடக்கத்தான் போகுது. என்னைப் படுக்க வெச்சு, அந்தக் கோட்டுல திறக்கத்தான் போறாங்க. பயந்துட்டேன் சார். ஆனா பயந்தா என்ன, பயப்படறவன் குடுக்க மாட்டானா? நான் குடுக்கத்தான் இருந்தேன். யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

அதுக்கப்புறம் எடை எறங்கவே இல்ல. ஏன்னே தெரியல, சில உடம்பு அப்படி. ஜிம்முக்கு எப்படிப் போறது? சொங்கு மூஞ்சியில எப்படி முழிக்கறது? தினம் மெசேஜ் அனுப்புவான், தமிழ்ல மாத்தி, "நண்பரே, தாங்கள் நலமா?" நான் திறக்கல. சாயங்காலம் ஷிஃப்டு முடிஞ்சா கைகால் ஓடாது. கீழ கடையில அரிசி கேக்கு ஒண்ணு விக்கறான், செவப்பா குழம்புல போட்டு, காரமா, நம்ம ஊரு ருசி. ஒண்ணு ரெண்டு வாங்கித் தின்னிருப்பேன். மனசு சரியில்லன்னா மனுஷன் என்ன பண்ணுவான்?

செப்டம்பர் பதினாலு. சங்கவி போன் பண்ணா. எப்பவும் வீடியோல வருவா, அன்னிக்கு வெறும் குரலு. "மாமா, அம்மாவுக்கு நெனவு தப்பிடுச்சு. டாக்டர் ரெண்டு நாளுக்கு மேல தாங்காதுன்னாரு. எனக்கு டெஸ்டெல்லாம் எடுத்துட்டாங்க. நாளைக்குக் காலைல ஆபரேஷன்."

"ஏய், இரு, நான் வர்றேன், அடுத்த ஃப்ளைட்டப் பிடிச்சு வர்றேன், நாலு கிலோதான்டி"ன்னு கத்தினேன். "தெரியும் மாமா. பரவால்ல மாமா. நீங்க வந்து, ஸ்கேன் பண்ணி, அதெல்லாம் டைம் இல்ல"ன்னா. கோவமே இல்ல சார் அவ குரல்ல. ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும்.

அன்னிக்கு நான் எவ்வளவு இருந்தேன்னா? அது எதுக்கு இப்ப. எண்பத்தேழு. தண்ணி எடை சார் அது, ரெண்டு நாள்ல எறக்கிடலாம்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. ரெண்டு பேரும் பொழைச்சாங்க. சங்கவிக்குத்தான் ஒரு வாரம் காய்ச்சல், பித்தம் கசிஞ்சிடுச்சுன்னு மறுபடி ஒரு குழாய் போட்டாங்க. இப்ப தேவலாம், எழுந்து நடக்கறாளாம். எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, என்னை ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருக்கலாம்ல? டெஸ்ட் எடுக்கறப்பவே சொல்லியிருக்கலாம்ல? நான் இருக்கறப்ப, ஒரு கல்யாணமாகாத பொண்ணப் படுக்க வெச்சு வெட்ட உட்டுட்டு, நாளைக்கு நாலு பேரு என்னைத்தானே பேசுவாங்க. மாமாகிட்ட அப்படியே கேட்டுட்டேன். அவரு போனை வெச்சிட்டாரு.

அவசரமா? இல்ல சார், ஃப்ளைட்டுக்கு நேரமிருக்கு. இவங்க அறுவடைப் பண்டிகை லீவு பாருங்க, ஊரே ரோட்டுல நிக்குது, பஸ்ஸு நகரவே மாட்டேங்குது. நகராட்டிப் போகுது. எனக்கு ஒண்ணும் சீக்கிரம் போய்ச் சேரணும்னு இல்ல.

ஏன்னு சொல்றேன். மூணு நாள் முன்னாடி மாமா மறுபடி போன் பண்ணாரு. அக்காவுக்கு நல்லா நெனவு வந்துடுச்சாம். கண்ணத் தொறந்து முதல்ல கேட்டது, "தம்பி எப்படி இருக்கான்?" அவளைப் பொறுத்தவரைக்கும் குடுத்தது நான்தானே? அவ நெனவோட இருந்த வரைக்கும் அதானே பேச்சு? பொண்ணக் கீறியிருக்குன்னு தெரிஞ்சா இவ தாங்க மாட்டான்னு பயந்துட்டு, இவங்களும் ஆமான்னுட்டாங்க. தம்பி கீழ் மாடில இருக்கான், நல்லா இருக்கான், எழுந்து வரக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க. சங்கவிக்குப் பரீட்சை, ஹாஸ்டல்ல இருக்கான்னு வேற சொல்லியிருக்காங்க. அந்தப் புள்ள அதே ஆஸ்பத்திரில, ரெண்டு மாடி தள்ளிப் படுத்துட்டு, அம்மாகிட்ட போன்ல பாடம் கஷ்டமா இருக்குன்னு பேசுதாம்.

"நீ உடனே வா. வந்து ஒரு வாரம் அவ முன்னாடி வீல்சேர்ல உக்காரு, வயித்துல கட்டுப் போட்டுக்க. அவ தேறினதுக்கு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்"னாரு மாமா. "அதையாவது செய்"னாரு. அந்த 'அதையாவது' இருக்கு பாருங்க.

நான் எப்படி சார் போய் உக்காருவேன்? நீங்களே சொல்லுங்க. அவ என் கையத் தொட்டுக் கும்பிடுவா. அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு, யாரு எது செஞ்சாலும் கையெடுத்துடுவா. நான் எங்க பாப்பேன்? வரலன்னு சொல்லிடலாம்னு பாத்தேன், லீவு இல்லன்னு. மேனேஜர் பாருங்க, பண்டிகை லீவோட இன்னும் ஒரு வாரம் சேத்துக் குடுத்துட்டாரு. கேக்கவே இல்ல நான், அவராவே குடுத்தாரு.

முந்தாநாள் அக்காகிட்டேருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. நர்ஸ் போனைப் பிடிச்சிருக்கணும். போட்டுக் காட்டுவேன், பஸ்ல வேணாம், பாப்பாங்க. குரலே இல்ல அவளுக்கு, வெறும் காத்து. "சேகரு, கீழதான் இருக்கியாமே. என்னை விட மாட்டேங்கறாங்கடா. ரொம்ப வலிக்குதாடா உனக்கு?" அவ்ளோதான் மெசேஜ். எட்டு செகண்டு.

ரெண்டு நாளா அதைக் கேட்டுட்டே இருக்கேன் சார். பதில் போடல. வாட்ஸ்அப்புல நீலக் கோடு விழுந்துடுச்சு, கேட்டுட்டான்னு அவளுக்குத் தெரியும். பதில் வரலன்னா பயந்துடுவா, தம்பிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு. இன்னிக்குக் காலைல பெட்டிய மூடிட்டு, பஸ் ஸ்டாண்டுல நின்னு, டைப் பண்ணி அனுப்பிட்டேன்.

"கொஞ்சம் வலிக்குதுக்கா. பரவால்ல"ன்னு அனுப்பினேன்.